குறியும் ஊசியும்: டைமிங் செயினை வீட்டில் மாற்றலாமா?

காலையில் முதல் ஸ்டார்ட்டில் இரண்டு மூன்று நொடி கடகடவென்று அடித்துவிட்டு அடங்கிப்போகும் காரை மெக்கானிக்கிடம் கொண்டுபோனால், தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: “டைமிங் செயின் லூஸ் சார், செட்டா மாத்திடணும்.” கூடவே ஒரு தொகையும் சொல்வார். அந்தத் தொகையைக் கேட்டுவிட்டு வீடு திரும்பும் வழியில்தான் பலருக்கும் அந்த யோசனை பிறக்கிறது. ஸ்பேனர் செட் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது, கைப்பேசியில் காணொளி இருக்கிறது. நாமே செய்தால் என்ன?

இந்தக் கேள்விக்கு ஆயத்தமாக இரண்டு பதில்கள் புழங்குகின்றன. “எஞ்சினுக்குள் கை வைக்காதே” என்பது ஒன்று. “நட்டும் போல்ட்டும்தானே, நாலு தடவை பார்த்தால் வந்துவிடும்” என்பது மற்றது. இரண்டுமே எந்த எஞ்சின் என்று கேட்காமல் சொல்லப்படுபவை. என் கணிப்பில், இந்த வேலை வீட்டுக்கு ஏற்றதா என்பதைச் செய்பவரின் கைத்திறமையைவிட அந்த எஞ்சினை வரைந்த பொறியாளரே அதிகம் தீர்மானிக்கிறார். அவர் பல்சக்கரத்தில் கண்ணுக்குத் தெரியும் குறி வைத்திருந்தால், பொறுமையுள்ள எவரும் வேலையை முடித்துவிடலாம். குறிக்குப் பதிலாக, பாகங்களை அசையாமல் நிறுத்தும் பூட்டு ஊசியை நம்பி வடிவமைத்திருந்தால், அந்த ஊசி இல்லாத வீட்டில் எவ்வளவு பொறுமை இருந்தும் பயனில்லை.

செயினின் வேலை என்னவென்று பார்த்தால் இது விளங்கும். பிஸ்டனோடு இணைந்த கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றும்போது, வால்வுகளைத் திறக்கும் கேம் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். வால்வுகள் திறப்பதும் மூடுவதும் பிஸ்டன் ஏறுவதும் இறங்குவதும் இந்தக் கணக்கில்தான் ஒத்துப்போகின்றன. கேமின் பல்சக்கரத்தில் 36 பற்கள் என்று வைத்துக்கொள்வோம். செயினை ஒரே ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டால் கேம் 10 பாகை விலகும். கிராங்க் கணக்கில் அது 20 பாகை. வண்டி ஸ்டார்ட் ஆகலாம், ஆனால் இழுக்காது, பெட்ரோல் குடிக்கும், சரியாக ஐடிலில் நிற்காது. இரண்டு மூன்று பல் தள்ளினால், இந்தக் காலத்துப் பெரும்பாலான கார் எஞ்சின்களில் திறந்திருக்கும் வால்வின் தலையில் பிஸ்டன் வந்து இடிக்கும். வால்வு வளைந்தால் ஹெட்டைக் கழற்றாமல் தீராது. சேமிக்க நினைத்த கூலியைப்போலப் பல மடங்கு அங்கே போய்விடும். பிரேக் பேடு மாற்றுவதையும் ஏர் ஃபில்டர் மாற்றுவதையும் இந்த வேலையோடு ஒரே வரிசையில் வைக்க முடியாததற்குக் காரணம் இதுதான்: இங்கே சிறு பிழைக்குச் சிறு தண்டனை கிடையாது.

முன்பு நிலைமை வேறு. மாருதி 800 எஞ்சினில் இருந்தது ரப்பர் டைமிங் பெல்ட். பெல்ட் எஞ்சினுக்கு வெளியே, எண்ணெய் படாத இடத்தில், ஒரு பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் ஓடும். இத்தனை கிலோமீட்டரில் மாற்று என்று நிறுவனமே சொல்லிவிடும், ஊர் மெக்கானிக் மாற்றித் தந்துவிடுவார். 2008-ல் ஹூண்டாய் ஐ10-ல் வந்த கப்பா எஞ்சினும், அதே ஆண்டில் மாருதி ஏ-ஸ்டாரில் வந்த கே தொடர் எஞ்சினும் செயினோடு வந்தன. அதன்பின் சிறு கார்களில் செயினே வழக்கமாகிவிட்டது. செயின் எஞ்சினின் ஆயுள் முழுவதும் தாங்கும், மாற்றவே வேண்டியதில்லை என்பது விற்பனையாளரின் வாக்கு. அந்த வாக்கை நம்பித்தான் செயினை எஞ்சினுக்குள்ளே, எண்ணெய்க்குள்ளே, சீலன்ட் போட்டு ஒட்டிய அலுமினிய மூடிக்குப் பின்னே வைத்து அடைத்தார்கள். மாற்றவே வேண்டாம் என்று எண்ணி வைத்த பொருளை மாற்ற வேண்டி வரும்போது அந்த வடிவமைப்பே எதிரியாகிவிடுகிறது. குறுக்காக எஞ்சின் பொருத்திய சிறு காரில் அந்த மூடியை எடுக்க, எஞ்சினுக்கு அடியில் கட்டை வைத்து ஜாக்கி கொடுத்து, அந்தப் பக்கத்து மவுன்ட்டையும் கழற்றியாக வேண்டும்.

செயின் தேய்வது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீட்டில் செய்பவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். எஃகுத் தகடு இழுபட்டு நீளுவதில்லை. ஒவ்வொரு இணைப்பிலும் இருக்கிற பின்னும் அது உட்காரும் புஷ்ஷும் மயிரிழை அளவு தேய்கின்றன. ஏறத்தாழ நூறு இணைப்புகளில் அந்த மயிரிழைகள் சேரும்போது செயின் மொத்தத்தில் நீண்டுவிடுகிறது. தேய்க்கிற பொருள் பெரும்பாலும் அழுக்கு எண்ணெய். டீசல் எஞ்சினின் கரிப்புகை எண்ணெயில் கலந்து உப்புத்தாள்போல் வேலை செய்யும். எண்ணெய் மாற்றுவதைத் தள்ளிப்போட்ட வண்டிகளில் செயின் சீக்கிரம் போவது இதனால்தான். தேய்ந்த செயினின் தொய்வை எடுக்க எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஒரு டென்ஷனர் இருக்கிறது. இரவு முழுதும் நின்ற வண்டியில் அதன் எண்ணெய் வடிந்திருந்தால், அழுத்தம் ஏறும்வரை செயின் தளர்ந்து, அதை வழிநடத்தும் கைடில் அடிக்கும். காலையில் கேட்ட கடகடப்பு அதுதான்.

இப்போது கவனியுங்கள்: அந்தச் சத்தத்துக்குச் செயின் தேய்ந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எண்ணெய் அளவு குறைந்திருக்கலாம். எஞ்சினுக்கு ஒவ்வாத எண்ணெய் ஊற்றியிருக்கலாம். டென்ஷனரின் உள்ளே எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் சிறு வால்வு பழுதாகியிருக்கலாம். டாப்பெட் சத்தத்தையும் ஆல்டர்னேட்டர் புல்லிச் சத்தத்தையும் செயின் சத்தம் என்று எண்ணுவோர் உண்டு. மெக்கானிக் நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். எத்தனையோ எஞ்சின்களைக் கேட்ட காது அது. வீட்டில் இருப்பவருக்குத் தெரிந்தது தன் வண்டி ஒன்றின் சத்தம் மட்டும். ஸ்கேனர் வைத்திருந்தால் பி0016 என்ற பிழை எண் உதவும். கிராங்க் சென்சார் சொல்வதும் கேம் சென்சார் சொல்வதும் ஒத்துப்போகவில்லை என்பது அதன் பொருள். அதுவும் செயின்தான் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லாது. சென்சார் பழுதிலும் ஒயர் பழுதிலும் அதே எண் வரும். எண்ணெய் அளவைப் பார்த்து, சரியான எண்ணெய் மாற்றி, டென்ஷனரை மட்டும் வெளியே எடுத்து அது எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அளந்து பார்க்காமல் மூடியைத் திறப்பதை நான் வீட்டில் செய்யும் இந்தப் பழக்கத்தின் முதல் குறையாகச் சொல்வேன். கழற்றும் ஆர்வம் கண்டறியும் பொறுமையை முந்திவிடுகிறது.

வீட்டு வேலையின் பலம் எங்கே முழுதாக வெளிப்படுகிறது என்று கேட்டால் நான் ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டரைக் காட்டுவேன். 1994-ல் வந்த 97.2 சிசி எஞ்சின். அதன் வம்சம் ஹோண்டாவின் பழைய சிறு எஞ்சின்களுக்குப் போகிறது. ஊர்ப்புறத்து மெக்கானிக் ஷெட்டில் பழகும் பையன்கள் கை பழகுவதே பெரும்பாலும் இந்த எஞ்சினில்தான். இதன் டைமிங் செயின் இடப்பக்கத்தில், மேக்னெட்டுக்குப் பின்னால் ஓடுகிறது. எஞ்சினை ஃபிரேமிலிருந்து இறக்க வேண்டாம். ஹெட்டைப் பிரிக்க வேண்டாம். இடப்பக்க மூடியைக் கழற்றி, மேக்னெட் நட்டை எடுத்து, புல்லர் போட்டு மேக்னெட்டை உருவி, காயில் பிளேட்டை எடுத்தால் செயினும் கிராங்கின் சிறு பல்சக்கரமும் கண்ணெதிரே நிற்கும். மேலே ஹெட்டின் வட்ட மூடியைத் திறந்தால் கேமின் பல்சக்கரம்.

இந்த எஞ்சினை வரைந்தவர் பழுது பார்ப்பவரை நினைத்துக்கொண்டே வரைந்திருக்கிறார். மேக்னெட்டில் ‘டி’ என்ற எழுத்து வெட்டப்பட்டிருக்கிறது. அதை கேஸின் கோட்டுக்கு நேராக நிறுத்தினால் பிஸ்டன் உச்சியில் இருக்கிறது. கேம் பல்சக்கரத்தில் வட்டக் குறி; அது ஹெட்டின் வெட்டுக்கு நேராக நிற்க வேண்டும். இரண்டு குறிகளும் ஒரே நேரத்தில் நேராக நின்றால் டைமிங் சரி. ‘டி’ நேராக இருந்தும் வட்டக் குறி எதிர்ப்பக்கம் இருந்தால் இன்னொரு முழுச் சுற்று. அவ்வளவுதான் கணக்கு. “முதல்ல டாப்ல நிறுத்துங்கண்ணே, அப்புறம் கழட்டுங்க” என்று ஷெட்டில் சொல்லிக் கொடுக்கும் ஒற்றை வரிக்குள் முழுப் பாடமும் அடங்கிவிடுகிறது.

இதற்குத் தேவையான சிறப்புக் கருவி மேக்னெட் புல்லர் ஒன்றுதான்; டூவீலர் ஸ்பேர்ஸ் கடையில் கிடைக்கும். அது இல்லாமல் சுத்தியலால் தட்டி எடுக்கப் பார்ப்பவர்களும், மேக்னெட் சுற்றாமலிருக்க இடுக்கில் ஸ்க்ரூ டிரைவர் சொருகுபவர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டு குறுக்குவழிகளைத் தவிர்த்துவிட்டால், ஸ்பிளெண்டரின் செயின் மாற்றம் வீட்டு முற்றத்துக்கு முழுக்கத் தகுதியான வேலை. ஒற்றை சிலிண்டர், எளிய ஹெட், எங்கும் கிடைக்கும் பாகங்கள். தப்பு நேர்ந்தாலும் இழப்புக்கு ஓர் எல்லை இருக்கிறது.

இத்தகைய எஞ்சினில் ஷெட்டைவிட வீட்டில் வேலை நன்றாக நடப்பதற்கும் வாய்ப்பு உண்டு. ஷெட்டில் மெக்கானிக்குக் கூலி வேலைக்கு இத்தனை என்றுதான்; நேரத்துக்கு அல்ல. ஐந்து வண்டி வரிசையில் நிற்கும்போது செயினை மட்டும் மாற்றிவிட்டு, கல்லாய் இறுகிப்போன டென்ஷனர் ரோலரையும் கைடு ரோலரையும் பழையபடியே விட்டுவிடுகிற ஆசை யாருக்கும் வரும். “செயின் மட்டும் மாத்தினா போதும்ணே” என்ற ஆறுதலுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் நேர நெருக்கடி. பழைய ரோலரில் ஓடும் புதுச் செயின் சில மாதத்தில் மறுபடி சத்தம் போடும். வீட்டில் செய்பவர் முழு செட்டையும் வாங்கி, ஒவ்வொன்றையும் பெட்ரோலில் கழுவி, தேய்ந்த பல்சக்கரத்தின் பற்களைப் புதியதன் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரு போல்ட் வர மறுத்தால் எண்ணெய் விட்டுவிட்டு அடுத்த நாள் வந்து பார்க்கலாம். ஷெட்டில் அதே போல்ட்டின் தலை அன்றைக்கே போயிருக்கும்.

டார்க் ரெஞ்ச் விஷயத்திலும் வீட்டுக்காரருக்குச் சாதகம் இருக்கிறது. சாலையோர ஷெட்டுகள் பலவற்றில் அது கிடையாது, கையின் கணக்குத்தான். இருபது வருடம் பழகிய கைக்கு அது சரிப்பட்டும் வரும். அலுமினியக் கேஸில் ஆறு மில்லிமீட்டர் போல்ட்டை அதே கணக்கில் முறுக்கும் புதுப் பையனின் கை மரையைப் பிய்த்துவிடும். வீட்டில் செய்பவர் பயந்தவர். பயந்தவர் கையேட்டைப் பார்த்து அளந்து முறுக்குவார். கழற்றிய போல்ட்டுகளை அட்டைப்பெட்டித் துண்டில் மூடியின் வடிவத்தை வரைந்து, அதே இடத்தில் குத்தி வைக்கும் பழக்கத்தையும் நான் அதிகம் பார்த்தது வீட்டு வேலைக்காரர்களிடம்தான். மூடியில் மூன்று நான்கு நீளங்களில் போல்ட் இருக்கும் எஞ்சின்களில் இந்த எளிய அட்டைக்கு இணையான உத்தி இல்லை. நீளமான போல்ட்டைக் குட்டைத் துளையில் ஏற்றி உள்ளே எதையோ உடைத்த கதைகள் பட்டறைகளிலிருந்தும் வருகின்றன.

கார்களுக்கு வரும்போது கணக்கு மாறத் தொடங்குகிறது. ஆனால் உடனே கைவிரிக்கவும் வேண்டியதில்லை. பல பெட்ரோல் கார்களின் செயினில் இரண்டு மூன்று இணைப்புத் தகடுகளுக்கு மட்டும் வேறு நிறம் பூசியிருப்பார்கள். அந்த நிறத் தகடுகளை கிராங்க், கேம் பல்சக்கரங்களின் குறிகளுக்கு நேரே வைத்து மாட்டினால் டைமிங் அமைந்துவிடும். இதுவும் குறி வைத்த எஞ்சின்தான். ஆனால் இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. மாட்டி முடித்துக் கிராங்கைக் கையால் இரண்டு சுற்றுத் திருப்பினால் பல்சக்கரக் குறிகள் மறுபடி தத்தம் இடத்துக்கு வந்துவிடும். நிறத் தகடுகள் வராது. செயினின் இணைப்பு எண்ணிக்கையும் பற்களின் எண்ணிக்கையும் சமமாக வகுபடாததால், அவை மறுபடி ஒன்றுகூடப் பல சுற்றுகள் ஆகும். இது தெரியாதவர், சரியாக மாட்டிய செயினைத் தப்பென்று எண்ணிக் கழற்றி, உண்மையிலேயே தப்பாக மாட்டிவிடுகிறார். நிறத் தகடு மாட்டும்போது மட்டும் பார்ப்பதற்கு. சரிபார்க்கும்போது பார்க்க வேண்டியவை பல்சக்கரமும் கேஸும் காட்டும் குறிகள்.

கையால் திருப்பிப் பார்க்கும் அந்த இரண்டு சுற்றுகளைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். இந்த வேலை முழுவதிலும் விலை இல்லாத காப்பீடு அது ஒன்றுதான். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எஞ்சின் ஓடும் திசையிலேயே, நீண்ட பிடி போட்ட சாக்கெட்டால் மெதுவாகத் திருப்ப வேண்டும். எங்கேயாவது முட்டினால் நிறுத்த வேண்டும். முட்டுவது வால்வாக இருக்கலாம். எதிர்த்திசையில் திருப்பினால் தொய்வு இடம் மாறி, டென்ஷனர் முழுதாக நீளாத நிலையில் செயின் பல் தாண்டக்கூடும். புது டென்ஷனர் ஒரு கம்பி ஊசியால் சுருக்கிப் பூட்டப்பட்டு வரும். பொருத்திய பின் அந்த ஊசியை உருவ வேண்டும். மறந்தால் செயின் தொய்வாகவே ஓடும். இதையெல்லாம் பட்டறையில் ஒருவர் செய்ய, இன்னொருவர் எட்டிப் பார்த்து “பின்னை எடுத்தாச்சா?” என்று கேட்பார். வீட்டில் அப்படிக் கேட்க ஆள் இல்லை. தனியாகச் செய்யும் வேலையில் தன் கண்ணையே தான் நம்ப வேண்டியிருப்பதை நான் கருவிக் குறையைவிடப் பெரிய குறையாக நினைக்கிறேன். கருவியை வாடகைக்கோ கடனாகவோ வாங்கிவிடலாம். விவரம் தெரிந்த ஒரு நண்பரை மூடியைப் பூட்டுவதற்கு முன் அரைமணி நேரம் வந்து பார்க்கச் சொல்வதும் முடியாத காரியமல்ல. ஆனால் அதைச் செய்பவர்கள் அரிது.

சீலன்ட் இன்னொரு கண்ணி. தமிழ்நாட்டு மெக்கானிக்குகள் சென்னை நிறுவனத்தின் பெயராலேயே ‘அனபாண்ட்’ என்று அழைக்கும் பசை, கேஸ்கெட் இல்லாத மூடிகளுக்குக் கட்டாயம் வேண்டும். பழைய பசையை முற்றிலும் சுரண்டி எடுக்க வேண்டும், எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இருக்கக் கூடாது, புதியது மெல்லிய கோடாக இருக்க வேண்டும், காய நேரம் கொடுக்க வேண்டும். கசியுமோ என்ற பயத்தில் தாராளமாகப் பிதுக்கினால் அதிகப்படியானது உள்பக்கம் வழிந்து, காய்ந்து, துண்டு துண்டாக உதிர்ந்து எண்ணெய்த் தொட்டியில் விழும். அங்கே எண்ணெயை உறிஞ்சும் வலையை அது அடைத்தால் எஞ்சினுக்கு எண்ணெய் ஏறாது. வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியாத, பார்க்க மிக நேர்த்தியான வேலை ஒன்று உள்ளே எஞ்சினைக் கொன்றுகொண்டிருக்கலாம்.

உதிரிபாகச் சந்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். செயின் நம் ஊர்ப் பொருள்தான். கோவையின் எல்.ஜி. பாலகிருஷ்ணன் அண்ட் பிரதர்ஸ் ‘ரோலான்’ என்ற பெயரில் செய்கிறார்கள். அம்பத்தூரில் முருகப்பா குழுமத்தின் டிஐடிசி. நல்ல செயின் கிடைக்காத ஊர் அல்ல இது. ஆனால் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ கடைக்காரர் எடுத்து வைக்கும் பெட்டிக்குள் அசல் இருக்கிறதா போலி இருக்கிறதா என்று எடை பார்த்து, தகட்டில் பொறித்த எழுத்தைப் பார்த்துச் சொல்ல மெக்கானிக்குக் கண் பழகியிருக்கிறது. வீட்டுக்காரர் பெட்டியின் அச்சைப் பார்க்கிறார். டென்ஷனரில் போலி வாங்கினால் செய்த வேலை மொத்தமும் வீண்.

இனி ஊசியால் பூட்டும் எஞ்சினுக்கு வருவோம். ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் டீசல், 1248 சிசி. 2003-ல் ஐரோப்பாவில் வந்தது. பின்னர் புனே அருகே ரஞ்சன்காவிலும் மானேசரிலும் உற்பத்தியானது. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்டோ, லீனியா என்று அத்தனை கார்களில் உட்கார்ந்ததால் ‘நாட்டின் எஞ்சின்’ என்றே அதற்குப் பட்டப்பெயர் விழுந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசு விதி வந்தபோது மாருதி டீசலைக் கைவிட்டது. கால் டாக்ஸியாக ஓடி லட்சங்களைத் தாண்டிய வண்டிகள் இன்று கைமாறிக் கைமாறிக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. வாங்குகிறவர் செலவைக் குறைக்கத் தானே வேலை பார்க்க விரும்புவதும் இயல்பு. இதன் செயின் சத்தமும் ஊரறிந்த ஒன்று.

இந்த எஞ்சினில் ஸ்பிளெண்டரின் ‘டி’யையும் வட்டத்தையும் தேடக் கூடாது. கேம்கள் இரண்டும் ஹெட்டின் மேல் பகுதிக்குள் மறைந்திருக்கின்றன. அதன் துளைகள் வழியே இரண்டு ஊசிகளைச் செருகி அவற்றைப் பூட்ட வேண்டும். கிராங்கை கியர்பாக்ஸ் பக்கத்துத் துளை வழியே இன்னொரு ஊசியை ஃப்ளைவீலில் செருகிப் பூட்ட வேண்டும். மூன்றும் பூட்டிய நிலையில்தான் செயின் இறங்கவும் ஏறவும் வேண்டும். ஊசிகளின் விட்டமும் நீளமும் அந்த எஞ்சினுக்கென்றே அளந்து செய்தவை. அவை இல்லாதபோது நம் ஆட்கள் கையாளும் வழி, கழற்றுவதற்கு முன் பழைய செயினிலும் பல்சக்கரங்களிலும் பெயின்ட் புள்ளி வைத்துக்கொண்டு, புதிதை அதே புள்ளிகளுக்கு மாட்டுவது. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் செயினை மாற்றக் காரணமே பழையது நீண்டுவிட்டது என்பதுதானே? நீண்ட செயின் கேமை எந்த விலகலில் நிறுத்தியிருந்ததோ, அந்த விலகலைத்தான் புள்ளிகள் பதிவு செய்கின்றன. ஏற்கெனவே ஒரு பல் தாண்டியிருந்தால் அந்தத் தவறையும் சேர்த்தே புதுச் செயினில் ஏற்றிவிடுவோம். பெயின்ட் புள்ளி முறையின் பலவீனம் கவனக்குறைவில் இல்லை. எவ்வளவு கவனமாகச் செய்தாலும் அது பழைய நிலையின் நகல் மட்டுமே.

பெயின்ட் புள்ளி வைத்தே நூறு மல்டிஜெட் மாற்றியவர்கள் ஷெட்டுகளில் உண்டு, அவை ஓடவும் செய்கின்றன என்று பதில் வரும். உண்மைதான். அவர்களுக்கு வண்டி ஓடும் சத்தத்தில், புகையில், இழுவையில் விலகலை உணரத் தெரியும். சரியில்லை என்றால் அன்று மாலையே மறுபடி பிரிப்பார்கள். முதல் தடவை செய்பவருக்கு அந்த உணர்வும் இல்லை, மறுபடி பிரிக்கும் மனமும் இருக்காது.

இதற்கும் ஒருபடி மேலே போன எஞ்சின்கள் உண்டு. ஃபோர்டின் டியூராடெக் வகைகள் சிலவற்றில் கிராங்கின் பல்சக்கரத்தை நகராமல் நிறுத்தும் சாவித்துண்டே கிடையாது. முன்பக்கப் பெரிய போல்ட்டின் இறுக்கம் ஒன்றுதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. புல்லியை எடுக்க அந்த போல்ட்டைத் தளர்த்திய கணமே டைமிங் போய்விடும். பிஎம்டபிள்யூவின் என்47 டீசலில் செயின் எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸ் ஓரத்தில் இருக்கிறது. அதைத் தொடுவதற்கே எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்கியாக வேண்டும். இவற்றை வீட்டு வாசலில் செய்வது பற்றி விவாதிக்கவே எதுவும் இல்லை.

காணொளிகளைக் குறை சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். கையேடு கிடைக்காத நாட்டில் அவைதான் கையேடு. ஆனால் அவற்றில் வெட்டி எடுக்கப்படுவது எது என்பதை நினைவில் வைக்க வேண்டும்: வராத போல்ட், உடைந்த கிளிப், காயக் காத்திருந்த மணிநேரங்கள். இருபது நிமிடப் படத்தைப் பார்த்து ஒரே நாளில் முடிப்பதாக வாக்குக் கொடுத்தவர், திங்கட்கிழமை காலையில் அலுவலகத்துக்கு ஆட்டோ பிடிக்கிறார். அதே பெயருள்ள காரின் வெளிநாட்டு எஞ்சினுக்கும் நம் எஞ்சினுக்கும் வேறுபாடு இருப்பதும் உண்டு.

இடமும் ஒரு பிரச்சினை. சென்னை அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் காரைப் பிரித்துப் போட்டால் சங்கச் செயலாளர் அன்றைக்கே வந்துவிடுவார். வெளியே திறந்த இடத்தில் செய்தால் புழுதி. செயின் அறை திறந்த எஞ்சினுக்குள் மணல் போவது பழைய செயினைவிடக் கேடு. ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடங்குபவரை நான் துணிச்சல்காரர் என்று சொல்ல மாட்டேன். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுப்பது பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டுமா? வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. ஸ்டாண்ட் இல்லாமல் எண்ணெய்த் தொட்டியைக் கழற்றுபவர்களைக் காண முடிகிறது.

செலவுக் கணக்கு பெரும்பாலும் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளும் கணக்கு. செயின் செட், எண்ணெய், ஃபில்டர், சீலன்ட், சீல்கள் எல்லாம் யார் செய்தாலும் வேண்டும். மிச்சமாவது கூலி மட்டும். அதிலிருந்து டார்க் ரெஞ்ச், பெரிய சாக்கெட், புல்லர், பூட்டு ஊசி செட் ஆகியவற்றின் விலையைக் கழிக்க வேண்டும். மெக்கானிக் அந்தச் செலவைப் பத்து ஐம்பது வண்டிகளில் பரப்பிவிடுவார். வீட்டுக்காரர் ஒரே வண்டியில் தாங்குகிறார். பைக்கில் லாபம் தெளிவு. காரில் முதல் தடவை லாபம் பெயரளவுக்கு. பணத்துக்காக மட்டும் இதில் இறங்குபவர், அதே பணத்தில் நேரத்துக்கு எண்ணெய் மாற்றியிருந்தால் இந்த நிலையே வந்திருக்காது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

ஆகவே என் தீர்ப்பு இது. ஸ்பிளெண்டர் போன்ற குறி வைத்த ஒற்றை சிலிண்டர் பைக்கில், புல்லர் கையில் இருந்தால், தாராளமாகச் செய்யலாம். அவசரக்கார ஷெட்டைவிட நன்றாகவும் வரும். குறி வைத்த பெட்ரோல் கார் எஞ்சினில், அந்த எஞ்சினுக்குரிய கையேடும் டார்க் ரெஞ்சும் மூடியைப் பூட்டும்முன் பார்த்துச் சொல்ல இன்னொரு கண்ணும் இருந்தால் செய்யலாம். எஞ்சினுக்குள் கை வைக்கும் முதல் அனுபவமாக மட்டும் அது இருக்கக் கூடாது. ஊசியால் பூட்டும் எஞ்சினில் ஊசி செட் இல்லாமல் தொடவே கூடாது.

இந்த எல்லைக்கோட்டைப் பொறியாளர் மட்டும் போடவில்லை, நிறுவனங்களும் சேர்ந்து போட்டிருக்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு ரூ. 2,544.65 கோடி அபராதம் விதித்தது. அசல் உதிரிபாகங்களையும் பழுதுபார்க்கும் கையேடுகளையும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் வைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டின் சாரம். வழக்கு மேல்முறையீடுகளுக்குள் போனது. 2022-ல் மத்திய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென இணையவாசல் தொடங்கியபோது, அதில் சேர்த்த துறைகளில் வாகனங்களும் ஒன்று. வாடிக்கையாளர் சேவை எண்ணும் உத்தரவாத விதிகளும் அங்கே இருந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு எஞ்சினுக்கும் டைமிங் குறிகளின் படம், போல்ட்டுகளின் டார்க் அளவு, பூட்டு ஊசிகளின் விட்டமும் நீளமும் ஆகிய இந்த மூன்றையும் தமிழ் உட்பட இந்திய மொழிகளில், காசில்லாமல், வண்டி விற்கும் நாளிலேயே நிறுவனங்கள் வெளியிட வேண்டும். ஊசிகளை எந்த டீலரிடமும் எவரும் வாங்க முடிய வேண்டும். அந்த அளவுகள் கிடைத்தால் கோவை, ஆவடி லேத் பட்டறைகளே அவற்றைக் கடைந்து கொடுத்துவிடும்.